பன்னிரண்டில் நிறுத்து

மூன்று நாள் கடை அடைப்பு.
ஷட்டரில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போனேன்:
"பரீட்சைக்குப் போயிருக்கிறேன்."
திரும்பி வந்தால்
கீழே எவனோ எழுதியிருந்தான்:
"பாஸா?"

லிஃப்ட் மேடைக்கும் கம்ப்ரஸருக்கும்
கடன் உண்டு என்றார்கள் வங்கியில்,
சர்டிபிகேட் இருந்தால்.
பதினாறு வருடக் கிரீஸ் நகத்துக்குள் இருக்கிறதே
என்று கையை நீட்டினேன்.
இதை ஜெராக்ஸ் எடுக்க முடியாதே என்றார் மேலாளர்.
நியாயம்தான்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து திருவாரூர், ஏழரை மணி பஸ்.
இரண்டு நாள் வகுப்பு, மூன்றாம் நாள் தேர்வு.
ஐ.டி.ஐ. வராந்தாவில் முப்பத்தொரு பேர்,
ஆளுக்கொரு ஆதார் நகல்,
எல்லார் சட்டையிலும் ஒரே ஆயில் வாடை.
என் எண் பத்தொன்பது.
பதினெட்டு, வேளாங்கண்ணிப் பக்கத்து சகாயமேரி.
கவர் பிரிக்காத ஸ்பேனர் செட்.

நான்கு ஸ்ட்ரோக்கின் வரிசை கேட்டார்கள்.
உறிஞ்சும், அமுக்கும், வெடிக்கும், துப்பும்.
எழுதிவிட்டேன்.
கேட்காதது:
வெள்ளம் வடிந்த வாரம் தள்ளிக்கொண்டு வரும் வண்டியில்
ஏர் ஃபில்டரின் சேற்றுக்கோட்டைப் பார்த்து
எந்தத் தெரு, வாசலில் எத்தனை படி தண்ணீர்
என்று சொல்வது எப்படி.
பால் விட்ட டீ நிறத்தில் ஆயில் இறங்கும்போது
சொந்தக்காரன் முகத்தைப் பாராமல்
தொகை சொல்வது எப்படி.
வேதாரண்யம் உப்பு ஏற்றும் வண்டிக்கு
சைலன்சர் எத்தனை மாதம் தாங்கும்.
தலா இரண்டு மார்க் போட்டிருந்தால்
ஜில்லாவில் நான்தான் முதல்.

மத்தியானம் செய்முறை.
ஸ்பார்க் பிளக்கைக் கழற்று, இடைவெளி பார், மாட்டு.
இதற்கா ஒரு பரீட்சை!
மாட்டி முடித்து
மணிக்கட்டால் கடைசியாய் ஒரு 'ம்' கொடுத்தேன்,
என் கடைக்கு வந்த வண்டிகளெல்லாம் அறிந்த 'ம்'.

தேர்வாளர் டார்க் ரெஞ்சை நீட்டினார்.
வகுப்பில் அதைப் பற்றிச் சொன்னபோது
நான் டீ குடிக்கப் போயிருந்தேன்.
பக்கத்து மேஜையிலிருந்து சகாயமேரி மெல்ல,
"பன்னெண்டுல வைங்கண்ணே. டிக்னு சொல்லும்.
சொன்னா நிறுத்திடணும்."

வைத்தேன். பிளக் அசையவில்லை. டிக்.
பதினாறு. டிக்.
இருபது. டிக்.
இருபத்து நாலில்தான்
மயிரிழை நகர்ந்தது.
"ரெண்டு மடங்கு" என்றார், நிமிராமல் எழுதிக்கொண்டே.

ரெண்டு மடங்கு.
பதினாறு வருடம்.

முத்துப்பேட்டை புஷ்பநாதனின் எக்ஸெல் ஞாபகம் வந்தது,
மீன் பெட்டி கட்டும் ரப்பர் கயிற்றோடு.
ஹெட்டில் மரை போய் வந்து நின்றான்.
"அலுமினியத்துல கலப்படம்ப்பா" என்று
அவனோடு சேர்ந்து கம்பெனியைத் திட்டினேன்.
புஷ் போட்டு அறுநூறு வாங்கினேன்.
அப்புறம் எடையூர் பால்காரர்.
ஆலத்தம்பாடி வாத்தியார்,
அவருக்கு இரண்டு தடவை.

சினிமாவாக இருந்தால் சாயங்காலம்
தேர்வாளரின் வண்டி கிளம்பாமல் நின்றிருக்கும்,
என்னைத் தேடியிருப்பார்.
செல்ஃபைத் தொட்டார், போய்விட்டார்.
செயின் மட்டும் கொஞ்சம் தொங்கியது.
நான் சொல்லவில்லை.

ஆறு வாரத்தில் வந்தது. 'பி' கிரேடு.
படம் என்னுடையது, பிறந்த தேதி என்னுடையது,
பெயர் மட்டும் முருகேசன்.
முருகையன் இன்னும் தேறியபாடில்லை.
திருத்தக் கொடுத்த மனுவின் ரசீது
பர்ஸில் நாலாய் மடிந்து கிடக்கிறது,
கடனும் அதற்குள்தான்.

தஞ்சாவூர் போய் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கினேன்.
மூவாயிரத்து நானூறு, கைக்காசு.

நேற்று புஷ்பநாதன் வந்தான்,
பக்கக் கண்ணாடி மாற்ற.
நான் பிளக்கைக் கழற்றினேன்.
"அதுல ஒண்ணுமில்லையேண்ணே."
இந்த வண்டிக்கு எத்தனை என்று
புத்தகத்தில் பார்த்து, வைத்து, மெல்ல இழுத்தேன்.
டிக்.
"என்ன சத்தம்?"
அறுநூறை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல்
"நிறுத்தச் சொல்லுது" என்றேன்.